வாடாப் பூவும் உருகிய வெள்ளியும்

தொண்டை நாட்டுக்கு அப்பெயர் வந்தது ஒரு கொடியினால் என்பது பழைய மரபு. சோழ வேந்தன் ஒருவனுக்கும் நாகர் மகள் ஒருத்திக்கும் பிறந்த குழந்தையைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்டதாகவும், திரை கொணர்ந்து கரை சேர்த்த அக்குழந்தையே தொண்டைமான் இளந்திரையன் என்றும் நச்சினார்க்கினியர் உரை கூறும். கதையின் மெய் பொய் ஒருபுறம் இருக்க, ஒரு குழந்தை யாருடையது என்பதை அதன் மேனியிலிருந்த கொடி சொல்லிற்று என்னும் செய்தி நோக்கத்தக்கது. பாலாறு பாயும் இந்நிலத்தில் பூவும் கொடியும் அழகுக்கு முன்பே அடையாளமாக இருந்தன.

அந்த இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பரிசிலைக் குறிப்பிடுகிறார். வறுமையுற்று வரும் பாணனுக்குக் காஞ்சி வேந்தன் பொன்னால் ஆகிய தாமரையைச் சூட்டுவான். பாணன் மனைவிக்குப் பொன்மாலை அணிவிப்பான். குளத்தில் பூக்காத தாமரை, நீர் இல்லாமலே வாடாத தாமரை என்றெல்லாம் சங்கப் புலவர்கள் இப்பொற்பூவைப் பலவாறு வியந்திருக்கின்றனர். பாடியவனுக்கு நெல்லும் யானையும் தேரும் கிடைத்தன என்பதைப் படிக்கும்போது தோன்றாத நெருக்கம் இப்பூவைப் பற்றிப் படிக்கும்போது தோன்றுகிறது. நெல் உண்ணத் தீரும். யானை தீனி கேட்கும். தலையில் சூடிய பூவோ, இவன் பாடினான், பெற்றான் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே செல்லும்.

பூவைக் கோக்க நார் வேண்டும். அந்த நார் எதனால் ஆயிற்று என்பதற்குப் புறநானூற்றின் 11ஆம் பாட்டு விடை தருகிறது. பாடியவர் பேய்மகள் இளவெயினி. பாடப்பட்டவன் சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோ. அவனைப் பாடிய பாடினி பொன்னணி பெற்றாள். அவளோடு பாடிய பாணன் வெள்ளி நாரில் தொடுத்த பொற்பூப் பெற்றான் என்கிறது அப்பாட்டு. இதன் துறை பரிசில் கடாநிலை. அதாவது, பிறர் பெற்றதை எடுத்துரைத்துத் தனக்கு இன்னும் வரவில்லை என்பதை நினைவூட்டும் பாட்டு. தமிழ்க் கவிஞர்களுக்கு இந்நிலை இன்றும் அயலன்று.

பொன்னையே இழுத்துக் கம்பியாக்கியிருக்கலாம். ஏன் வெள்ளி? பொற்கொல்லனின் கண்ணால் பார்த்தால் விடை எளிது போலும். வாழை நாரை உலர்த்தினால் அது வெண்மையாகி மெல்லிய பளபளப்புப் பெறும். உண்மையான மாலையில் பூவின் நிறம் ஒன்று, நாரின் நிறம் வேறு. அந்த வேறுபாட்டை உலோகத்திலும் காட்ட விரும்பிய ஒரு கை வெள்ளியைத் தேர்ந்திருக்கிறது. பாட்டைப் பாடியவர் பெயர் நமக்குத் தெரியும். கொடுத்தவன் பெயர் தெரியும். நாருக்கு வெள்ளியைத் தேர்ந்த கைக்குரியவன் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

பூக்கோளும் தோல் முரசும்

தொல்காப்பியர் போரைப் பூவால் பகுத்தார். ஆநிரை கவர்தல் வெட்சி, பகைமேற் செல்லல் வஞ்சி, மதிலை வளைத்தல் உழிஞை, களத்தில் பொருதல் தும்பை, வெற்றி வாகை. நிரை மீட்டலாகிய கரந்தையை அவர் வெட்சிக்குள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித் திணையாக்கியது. பனை சேரனுக்கு, வேம்பு பாண்டியனுக்கு, ஆத்தி சோழனுக்கு என்று வேந்தர்க்கும் பூ உண்டு. போர்க்களத்தின் புழுதியில் முகம் தெரியாதபோது தலையிலிருந்த பூவே இன்னார் படை என்று காட்டியது.

இப்பூவை வீரன் தானே பறித்துச் சூடிவிட இயலாது. அரசன் கொடுக்க வேண்டும். அக்கொடைக்குப் பூக்கோள் என்று பெயர். இன்று பூக்கோள் என்று பாசறையில் அறிவித்தது தண்ணுமை. தண்ணுமையின் வாய் தோலால் மடித்துப் போர்த்தப்பட்டது. கழாத்தலையார் பாடிய புறநானூற்று 289ஆம் பாட்டில் அதை அறைபவன் இழிசினன் எனப்படுகிறான். பூவைக் கொடுப்பவன் வேந்தன், பெறுபவன் மறவன், பூ வந்திருக்கிறது என்று தன் தோற்கருவியால் ஊருக்குச் சொன்னவனுக்கு அச்சொல்தான் மிஞ்சியது. தோலைத் தொட்டவனைத் தாழ்த்தி, தோலின் ஓசையை மட்டும் ஏற்றுக்கொண்ட வழக்கத்தின் பழமையை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் பிற்கால வரலாற்றைப் படிப்போர் அச்சொல்லைத் தாண்டிச் செல்ல முடியாது.

ஆநிரைப் போர் பாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. செங்கம் பகுதியில் கண்டெடுத்த நடுகற்களை இரா. நாகசாமி பதிப்பித்துத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்டபோது, பழைய வடஆர்க்காட்டு மண்ணில் ஊர்தோறும் தொறு மீட்டு மாண்டவர்களின் வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. ஆம்பூரிலேயே பல்லவன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வீரக்கல் எழுத்துகள் உள்ளன. நுளம்பன் படை வந்து தொறு கொண்டபோது எதிர்த்து நின்று பட்டவர்களை அவை குறிக்கின்றன. ஊரின் பெயர் அங்கே ஆமையூர். அது படுவூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. காலம் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அக்காலத்து நடுகல் எழுத்துகள் வெட்சி என்றோ கரந்தை என்றோ பெரும்பாலும் சொல்வதில்லை. தொறு, பட்டான் என்னும் இரு சொற்களுக்குள் செய்தியை முடித்துவிடுகின்றன. இலக்கணம் பூவின் பெயரை வைத்துக்கொண்டது. கல் மனிதனின் பெயரை வைத்துக்கொண்டது.

கால்நடையைக் காக்க உயிர் கொடுத்தவன் கல்லாக நிற்கும் ஊரே, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கால்நடைத் தோலால் உலகச் சந்தையில் பெயர் பெற்றது.

வெள்ளி பூவாகும் விதம்

வெள்ளி என்னும் தமிழ்ச் சொல் உலோகத்துக்கும், விடியலில் தோன்றும் மீனுக்கும், வாரத்தின் ஒரு நாளுக்கும் பொது. மூன்றிலும் வெண்மையே அடிப்படை. பெயர் நம்முடையதாயினும் பொருளில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து உரோம வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஸ்பானிய அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி ஐரோப்பிய வணிகர் கப்பல்களில் வந்து துணிக்கும் மிளகுக்கும் விலையாயிற்று. பாலாற்றங்கரைப் பெண்ணின் காலில் பூத்த வெள்ளிப் பூவின் வேர் எந்த மலையில் இருந்தது என்று ஆராய்ந்தால் அது ஆண்டிஸ் மலைவரை செல்லக்கூடும்.

தூய வெள்ளி மிக மென்மையானது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளியோடு எஞ்சிய பங்கு செம்பு சேர்த்தால் அணிகலத்துக்கு வேண்டிய உறுதி வரும். மூசையில் இட்டு உருக்குவர். தூய வெள்ளி உருகும் வெப்பம் ஏறக்குறைய 962 டிகிரி செல்சியஸ். உருகியதை வார்த்துக் கம்பியாகவோ தகடாகவோ ஆக்குவதே முதல் வேலை. துளைகள் படிப்படியாகச் சிறுத்துவரும் எஃகுத் தகட்டில் கம்பியை ஒவ்வொரு துளையாக இழுக்கும்போது அது மெலிந்து நீள்கிறது. இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும். விறைத்ததை மீண்டும் நெருப்பில் காட்டி ஆறவிட்டால் பழைய மென்மை திரும்பும். விறைப்பதும் நெருப்பில் நெகிழ்வதுமாகப் பலமுறை மாறிய பின்னரே ஒரு நார் உண்டாகிறது. இளவெயினியின் பாட்டிலுள்ள நாரும் இவ்வழியாகவே வந்திருக்க வேண்டும்.

இதழுக்குத் தகடு. தகட்டை அரக்கின் மீது பதித்து, முனை மழுங்கிய உளியால் பின்புறத்திலிருந்து தட்டினால் முன்புறம் புடைக்கும். திருப்பி வைத்து நரம்புகளைக் கீறுவர். அரக்கு இளகி இடம் கொடுக்கும், ஆனால் முற்றிலும் விட்டுக்கொடுக்காது. அதனால்தான் இதழ் கிழியாமல் வளைகிறது. மகரந்தத்துக்கு ரவை. வெள்ளித் துணுக்குகளைக் கரித்தூளின் மேல் இட்டு ஊதினால் ஒவ்வொரு துணுக்கும் உருகித் தானே உருண்டுகொள்ளும். எந்த அச்சும் இல்லாமல், திரவம் தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளும் இயல்பால் இவ்வுருண்டை அமைகிறது. பிறகு இதழ், காம்பு, ரவை ஆகியவற்றை அடுக்கி, வெங்காரம் தடவி, பற்றுப்பொடி இட்டு, ஊதுகுழலால் தீயைச் செலுத்திப் பற்றவைக்க வேண்டும். வெப்பத்தைக் கடத்துவதில் எல்லா உலோகங்களையும் வெள்ளி விஞ்சும். ஆகவே ஒரு மூலையை மட்டும் சுடவைத்தால் வெப்பம் முழுப் பொருளுக்கும் ஓடிவிடும். வெள்ளிப் பூ முழுவதையும் ஒருசேரப் பற்றுநிலைக்குக் கொண்டுவந்து, பற்றுப்பொடி உருகி இதழ் உருகுவதற்கு முன்னுள்ள நொடியில் தீயை விலக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பூ மீண்டும் உருண்டையாகிவிடும். முடிந்தபின் பூந்திக்கொட்டை நீரில் தேய்த்துக் கழுவினால் வெண்மை வெளிப்படும்.

எந்தப் பூக்கள் உலோகமாயின என்பதும் சிந்திக்கத்தக்கது. தாமரை திருமகளின் இருக்கையாதலால் எங்கும் உண்டு. மல்லிகை அரும்பு கழுத்துமாலைக்கு ஏற்ற வடிவம். தலையின் இருபுறமும் வைக்கும் திருகுப்பூ தன் பெயரிலேயே பூவைக் கொண்டுள்ளது. காதில் அணியும் தோடு என்னும் சொல் ஓலைக்கும் பூவிதழுக்கும் உரியது. காதணி அப்பெயரைக் கடனாகப் பெற்றது. பிரமனுக்காகப் பொய்ச்சான்று சொன்னதனால் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டதாகப் புராணம் கூறும் தாழம்பூவைப் பெண்கள் தம் சடையில் மடித்துத் தைத்துக்கொண்டனர். நகை செய்வோரும் அதன் மடிப்பைத் தம் தகட்டில் கொண்டுவந்தனர். கோயில் விலக்கியதைக் கூந்தல் விலக்கவில்லை.

பொன் திருமகள் என்பதால் இடைக்குக் கீழே அணிவதில்லை என்பது பரவலான வழக்கம். எனவே கொலுசும் மெட்டியும் செல்வர் இல்லங்களிலும் வெள்ளியே. இல்லாதவர் வீட்டிலோ காது, கழுத்து, கை, கால் அனைத்துக்கும் வெள்ளிதான். பொற்பூ அரசவையிலும் கோயிலிலும் பூத்தது என்றால், வெள்ளிப் பூ குடிசையில் பூத்தது.

கோயிலில் பூத்ததற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சான்று. சத்தியாசிரயனை வென்று மீண்ட முதலாம் இராசராசன் இறைவனின் திருவடியில் பொன்னால் ஆன பூக்களை இட்டுத் தொழுதான் என்று அவை கூறுகின்றன. பொன் நிறுக்க ஆடவல்லான் என்னும் கல், மணி பதித்த அணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல் எனத் தனித்தனி எடைக்கற்கள் இருந்தன. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு; இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. மஞ்சாடியும் குன்றியும் விதைகள். உலோகப் பூவின் எடையை விதையால் அளந்திருக்கின்றனர். அரக்கு உள்ளடங்கிய எடை எது, கோத்த சரடு நீக்கிய எடை எது என்றுகூடப் பிரித்து வெட்டிவைத்த அவ்வளவு நுணுக்கமான கணக்கில், இந்த நகையைச் செய்தவன் இன்னான் என்னும் குறிப்பை நகைப் பட்டியலுக்குள் காண முடிவதில்லை. அப்பட்டியலின் அணிகளும் நமக்குக் கிடைக்கவில்லை. எடை மட்டும் கல்லில் நிற்கிறது.

காதில் கடுக்கன், தலையில் தோல்

அணிகலம் ஒருவன் யார் என்பதைச் சொல்லும் என்றால், அதைக் கழற்றச் சொல்வது அவன் யார் என்பதை மறுப்பதாகும். வேலூர்க் கோட்டையில் 1806இல் நிகழ்ந்தவற்றுக்குப் பல காரணங்களை வரலாற்றாசிரியர்கள் காட்டுவர். கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்கள், படைவீரரின் குறைந்த ஊதியம், நிலவரிக் கொடுமை எனப் பட்டியல் நீளும். ஆயினும் தீப்பொறி உடையிலும் அணியிலும்தான் விழுந்தது.

1805 நவம்பரில் புதிய தலைப்பாகை ஒன்றுக்கு ஆணை பிறந்தது. அது ஐரோப்பியத் தொப்பியை ஒத்திருந்தது. அதன் முகப்பில் தோலாலான வட்ட முடிச்சு ஒன்று இருந்தது. 1806 மார்ச்சில் தொகுக்கப்பட்ட படைவிதிகளில் ஒரு பத்தி, சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் சாதிக்குறி இடக் கூடாது, காதில் கடுக்கன் அணியக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றது. படைத்தலைவர் சர் ஜான் கிராடக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க்.

அந்த வட்ட முடிச்சின் பிறப்பை இங்கே சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் அது நாடாவை மடித்துப் பூவைப் போல் வட்டமாகத் தைத்துத் தொப்பியில் செருகும் அடையாளம். அதன் நிறத்தைக் கொண்டு ஒருவன் எந்த அரசனின் ஆள், எந்தக் கட்சியின் ஆள் என்று அறிவர். 1789இல் பாரிஸ் மக்கள் மூவண்ணப் பூமுடிச்சைச் சூடியபோது அது புரட்சியின் குறியாயிற்று. நம் தும்பையும் வாகையும் செய்த அதே வேலையை அங்கே நாடா செய்தது. ஆகவே 1805இன் ஆணையை ஒருவகைப் பூக்கோள் எனலாம். கொடுக்கப்பட்ட பூவோ தோலால் ஆனது. அத்தோல் பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்னும் ஐயம் இந்துச் சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒருசேர வாட்டியது. காதிலிருந்த தம் உலோகத்தைக் கழற்றிவிட்டுத் தலையில் பிறர் தந்த தோற்பூவைச் சூட வேண்டும் என்பதே அவர்கள் முன் வைக்கப்பட்ட கட்டளை.

1806 மே மாதம் வேலூரிலிருந்த நான்காம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தார் அத்தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். இந்து ஒருவர், முஸ்லிம் ஒருவர் ஆக இருவருக்குத் தலைக்கு 900 கசையடி தண்டனையாயிற்று. மேலும் 19 பேருக்கு விதித்த 500 கசையடி மன்னிப்புக் கேட்டபின் தள்ளுபடியாயிற்று. ஜூலை 10 விடியற்காலையில் கோட்டை எழுந்தது. சில மணி நேரத்துக்குள் ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அதை அடக்கினார். மாண்ட சிப்பாய்கள் சில நூற்றுவர். பின்னர் ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. கிராடக்கும் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். இலக்கணம் வகுத்த புறத்திணைகளில் இந்நிகழ்ச்சிக்கு நேரான திணை இல்லை. பூவை ஏற்று மாண்டவர்களையே அது அறிந்திருந்தது. பூவை மறுத்து மாண்டவர்களை அது அறியாது.

ஆவிரையும் பஞ்சமும்

வேலூர் மண்ணுக்கே உரிய அடையாளப் பூ எது என்று கேட்டால் ஆவிரை என்று துணிந்து சொல்லலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களுள் அது உண்டு. குறுந்தொகை 173ஆம் பாட்டில், காதல் கைகூடாதவன் பனைமடலால் செய்த குதிரைக்கு அணிவிக்கும் மாலை பொன் போன்ற ஆவிரையால் ஆனது. நாணத்தைத் துறந்து தெருவுக்கு வந்துவிட்டவனின் பூ அது. வரண்ட மேட்டிலும் சாலையோரத்திலும் தண்ணீர் கேளாமல் மஞ்சளாகப் பூத்து நிற்பதால் செல்வர் தோட்டத்துக்குள் அதற்கு இடம் கிடைத்ததில்லை. தாமரை, மல்லிகை, தாழம்பூ என்று நகைக்கடைகளில் வழங்கும் பெயர்களிடையே ஆவிரம்பூவைக் கேட்பதும் அரிது. பொன்னுக்கு உவமையாகப் புலவன் காட்டிய பூவைப் பொன் திரும்பிப் பார்க்கவில்லை.

பூவைப் பொற்கொல்லன் விட்டாலும் பட்டையைத் தோல் பதனிடுவோர் விடவில்லை. ஆவாரம் பட்டையில் துவர்ப்புப் பொருள் மிகுதி. கிளைகளை வெட்டித் தட்டிப் பட்டையை உரித்து நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் மயிர் நீக்கிய தோலை அதில் கிடத்தினால், நாள் செல்லச் செல்லத் தோல் அழுகா நிலையை அடைகிறது. இறுதியில் கடுக்காய் நீரில் தோய்ப்பர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சென்னை மாகாணத்தின் இத்தோல் இலண்டன் சந்தைக்குச் சென்றது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றின் இருமருங்கும் பதனிடும் தொட்டிகள் பெருகின. வணிகத்தில் முஸ்லிம் குடும்பங்கள் முன்னின்றன. குழியில் இறங்கி உழைத்தவருள் மிகப் பலர், முன்பு தண்ணுமை அறைந்தவனை இழிசினன் என்ற அதே வழக்கத்தால் ஒதுக்கப்பட்ட மக்கள்.

தோல் வணிகம் வீங்கிய ஆண்டுகளுள் ஒன்று நாட்டின் கொடிய ஆண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாது ஆண்டுப் பஞ்சத்தில் வடஆர்க்காடும் சிக்கியது. புல் இன்றி மாடுகள் மடிந்தன. மடிந்த மாட்டின் தோல் ஏற்றுமதியாயிற்று; அக்காலத் தோல் ஏற்றுமதியின் உயர்வுக்குப் பின்னால் ஏருக்கு மாடில்லாத வயல்கள் கிடந்தன. தொறுவைக் காத்து மாண்டவனுக்குக் கல் நட்ட நாட்டில், தொறு முழுவதும் மாண்டபோது கணக்கு மட்டும் துறைமுகத்தில் எழுதப்பட்டது.

அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நகர்ந்தது. தானியம் வாங்க வழியில்லாதவர் முதலில் விற்றது வெள்ளி நகையை. அக்காலத்தில் கொலுசும் காப்பும் பெரும்பாலும் ரூபாய்க் காசை உருக்கியே செய்யப்பட்டன. 1835இல் ஒரே அளவாக்கப்பட்ட ரூபாய் 180 கிரெயின் எடை, அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நகையின் கனத்தை ரூபாய் எடையில் சொல்லும் பழக்கம் இதனால் வந்தது. நல்ல ஆண்டில் காசு பூவாயிற்று. பஞ்சத்தில் பூ மீண்டும் காசாயிற்று. பம்பாய் நாணயச் சாலைக்கு அப்பஞ்சக் காலத்தில் நகை வெள்ளி மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்ததை அன்றைய ஆட்சியாளரே பஞ்சத்தின் ஆழத்தை அளக்கும் கோலாகக் கொண்டனர். எந்த ஊர்த் திருகுப்பூ, எந்தப் பெண்ணின் மெட்டி என்ற வேறுபாடு மூசைக்கு இல்லை. பாணன் தலையில் வாடாத பூ என்று புலவர் வியந்தது உண்மைதான். வெயிலில் அது வாடவில்லை, பசியில் உருகிற்று.

இதற்கு மேலும் ஓர் அடி விழுந்தது 1893இல். அதுவரை எவரும் வெள்ளியை நாணயச் சாலைக்குக் கொண்டுசென்று சிறு கூலி கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். உலகில் வெள்ளி விலை சரியவே, அரசின் நாணயமாற்றைக் காக்கும் பொருட்டு அவ்வாண்டு ஜூன் 26ஆம் நாள் அந்த வாயில் மூடப்பட்டது. இலண்டனில் கூடிய குழுவின் அறிக்கையில் அது ஒரு நாணயச் சீர்திருத்தம். குடியானவன் வீட்டிலோ, நேற்றுவரை காசுக்கு நிகராக இருந்த கொலுசு இன்று வெறும் உலோகமாயிற்று. காசின் மதிப்பை அரசு தாங்கிக்கொண்டது. கொலுசின் மதிப்பைத் தாங்க எவரும் இல்லை. 1896, 1897ஆம் ஆண்டுகளில் மறுபடியும் பஞ்சம் வந்தபோது பழைய எடைக்குப் பழைய நெல் கிடைக்கவில்லை. பின்னர் 1940இல் ரூபாயிலேயே வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் அதுவும் நீங்கி நிக்கல் வந்தது. காசை உருக்கிப் பூச் செய்யும் காலம் அத்தோடு முடிந்தது.

பழைய வெள்ளி நகைகள் ஏன் அருகிக் காணப்படுகின்றன என்பதற்கு விடை இதுவே. அருங்காட்சியகத்தில் வெண்கலப் படிமம் உண்டு, நடுகல் உண்டு, செப்பேடு உண்டு. குடிசை வீட்டு வெள்ளிப் பூ நூறாண்டுப் பழமை உடையதாகக் கிடைத்தாலே அரிது. கலைஞர்கள் செய்யாததால் அன்று; ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் பூவை உண்டதால்.

கறுக்கும் வெள்ளி

தோலும் வெள்ளியும் ஒரே ஊரில் இருக்கும்போது வேதியியல் தன் பங்கைச் செய்யும். தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பது பின்னாளைய முறை. அக்கழிவு நீர் அமிலத்தோடு கலந்தாலோ காற்றின்றித் தேங்கினாலோ அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு எழும். அந்த வாயுவுக்கு வெள்ளியின் மேல் தனி ஈர்ப்பு. வெள்ளியின் புறத்தே கந்தகம் சேர்ந்து மெல்லிய கரும்படலம் உண்டாகும். பொன்னை அது அவ்வாறு தீண்டாது. பூவின் இதழ்களுக்கிடையே, நரம்புக் கீறல்களில், ரவைகளின் அடியில் முதலில் கறுக்கும்.

ஆவாரம் பட்டையின் இடத்தை 20ஆம் நூற்றாண்டில் குரோமிய உப்புப் படிப்படியாகப் பிடித்தது. 1970களில் பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியை மைய அரசு கட்டுப்படுத்த, ஆம்பூர் காலணி தைக்கும் ஊராயிற்று. பல்லாயிரம் பெண்களுக்கு அதனால் சொந்தக் கூலி வந்தது. ஆற்றுக்கு வந்தது வேறு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பாலாற்றின் பெயர் இந்தியச் சட்ட நூல்களில் நிலைத்தது இப்படித்தான். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றது, ஆறு பிரியவில்லை.

ஆவிரை இன்னும் பூக்கிறது. பட்டைக்காக வெட்டுவோர் குறைந்ததும் ஒரு காரணமாகலாம். தைப் பிறப்பை ஒட்டித் தமிழகத்தின் பல பகுதிகளில் வீட்டு இறவாணத்தில் பூளையோடும் வேப்பிலையோடும் அது செருகப்படுகிறது; மாட்டின் கழுத்துக்கும் ஏறுகிறது. ஓரிரு நாளில் வாடி உதிர்கிறது.

கறுத்த கொலுசைப் புளியிட்டும் சாம்பலிட்டும் தேய்ப்பது வீட்டுப் பழக்கம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கரும்படலத்தோடு வெள்ளியும் ஓர் இழை போகும். முதலில் நரம்புக் கீறல் மழுங்கும். பிறகு இதழ் விளிம்பு. கடைசியில் பூ இருந்த இடம் ஒரு மேடாக மட்டும் தெரியும். அந்நிலையில் அது கடைக்கு வருகிறது. கடைக்காரர் உரசிப் பார்த்து, பற்றுக்கும் அழுக்குக்கும் கழித்து, எஞ்சிய வெள்ளிக்கு அன்றைய விலை சொல்வார். வாங்கும்போது தனியாகக் கொடுத்த செய்கூலி, விற்கும்போது எந்தக் கணக்கிலும் வராது.